வானமும் சம்பளச் சீட்டும்



நான் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வானிலை ஆராய்ச்சி எனக்குத் தொழில் அல்ல. ஆனாலும் இன்று வானிலையைப் பற்றி உங்களோடு சிறிது நேரம் பேச வந்திருக்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வானத்தைப் பார்க்காமல் பொழுது விடிந்ததே இல்லை அல்லவா? அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

என் தாயார் பால் மரம் வெட்டியவர். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்ததும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அஞ்சடியில் நின்று கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். கையில் தூறல் விழுந்தால் முகம் வாடிவிடும். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டின் வழியே மங்குக்கு இறங்காது. பட்டை மீது பரவி வீணாக வழிந்துவிடும். மங்கில் மழைத் தண்ணீர் சேர்ந்தாலும் பால் கெட்டுப்போகும். ஆகவே பெரட்டுக்குப் போனவர்கள் உளியும் வாளியுமாகக் காத்திருப்பார்கள். வெயில் ஏறியும் மரம் காயவில்லையென்றால், "இன்றைக்கு வெட்டு இல்லை" என்று மண்டோர் சொல்லிவிடுவார். அந்த நாளின் வருமானம் அதோடு போயிற்று.

நம் சிலாங்கூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். தீபாவளி வருவதும் அந்த மாதங்களில்தான். அப்போதெல்லாம் பள்ளி திறப்பது ஜனவரியில். காலணி, சட்டை, புத்தகப்பை என்று செலவு வருகிற நேரத்தில்தான் வீட்டு வருமானம் குறையும். மழை எங்களுக்குப் பள்ளிப் பாட்டில் வரும் மழையாக இருக்கவில்லை. அம்மா விரல் விட்டு எண்ணும் நாட்களாகவே இருந்தது.

என் பாட்டி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். ஆடி பிறந்தால், "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று ஊர்ப் பழமொழியைச் சொல்வார். அம்மியைப் பறக்கடிக்கும் காற்று எதையும் நான் இங்கே பார்த்ததில்லை. ஆனால் ஆடி மாதம் இங்கே வேறொன்றைக் கொண்டுவரும் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். மே முதல் செப்டம்பர் வரை நம் நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அது மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ரா தீவின் பக்கமிருந்து வருகிறது. அங்கே காடும் நிலமும் எரிந்தால் அந்தப் புகை நம் வாசலுக்கு வந்துவிடும்.

1997ஆம் ஆண்டு நான் ஐந்தாம் படிவ மாணவி. அந்த ஆண்டின் கடுமையான புகைமூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டி, அங்கே அவசர நிலையை அறிவித்தார்கள். இந்தக் குறியீடு 50 வரை இருந்தால் காற்று நன்று. 100 வரை மிதமானது. 100ஐத் தாண்டினால் உடலுக்குக் கேடு. 300ஐத் தாண்டினால் பேராபத்து.

அதன் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. சுற்றுலாப் பயணிகள் பயந்துவிடுவார்கள் என்பதற்காக, இந்தக் குறியீட்டு எண்களை மக்களுக்கு வெளியிடாமல் அரசாங்கம் சில ஆண்டுகள் இரகசியமாக வைத்திருந்தது. நாம் மூச்சு விடும் காற்று எப்படி இருக்கிறது என்பது நமக்கே சொல்லக்கூடாத செய்தியாக இருந்தது.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்த இரகசியம் முடிவுக்கு வந்தது. ஆகஸ்டு 11ஆம் தேதி, தமிழுக்கு அது ஆடி மாதக் கடைசி, கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் குறியீடு 500ஐத் தாண்டியது. இரண்டு இடங்களிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. எண்களும் வெளிவந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளி மூடப்பட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கும் சூரியன் சிவந்த பொட்டு மாதிரித் தெரிந்தது. பக்கத்து லயத்தில் குழந்தைகள் இருமும் சத்தம் இரவெல்லாம் கேட்டது. ஆகஸ்டு 13ஆம் தேதி அவசர நிலை நீக்கப்பட்டது. காற்று திசை மாறியது, மழை பெய்தது, பள்ளி திறந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த மாதம் என் மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கு வந்தார். கையில் கணவரின் சம்பளச் சீட்டு. அதைப் படித்துச் சொல்லும்படி கேட்டார். வழக்கத்தைவிடச் சம்பளம் குறைந்திருந்தது. வேலை நடக்காத நாட்கள் கணக்கில் ஏறவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். அவர் சிறிது நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"டீச்சர், பள்ளிக்கூடம் மூடின நாளுக்கு உங்களுக்குச் சம்பளம் பிடிச்சாங்களா?"

"இல்ல அக்கா, எனக்கு மாதச் சம்பளம்" என்றேன்.

"அப்ப புகை எல்லாருக்கும் ஒண்ணுதான். சம்பளம் மட்டும் வேறயா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த எந்தப் பாடத்திலும் அதற்குப் பதில் இல்லை. நேயர்களே, அந்தக் கேள்விதான் இன்றைக்கும் என்னைப் பேச வைக்கிறது. வானிலை எல்லார் தலைக்கும் மேலே ஒன்றாகத்தான் வருகிறது. அதனால் வரும் நட்டத்தை யார் சுமப்பது என்பதை வானம் முடிவு செய்வதில்லை. மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். பருவநிலை அரசியல் என்று பத்திரிகைகளில் நீங்கள் பார்ப்பது அடிப்படையில் இந்த ஒரு கேள்விதான்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம். இன்று மழை, நாளை வெயில் என்பது வானிலை. பல ஆண்டுகளாக ஓர் இடத்தில் மழையும் வெயிலும் எப்படி வந்து போகின்றன என்ற கணக்கு பருவநிலை. ஒருவர் ஒரு நாள் பெரட்டுக்கு வரவில்லை என்பதற்காக அவரைச் சோம்பேறி என்று சொல்லலாமா? பல வருடச் செக்ரோலை எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதைப்போலவே, நேற்று பெய்த ஒரு மழையை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்றோ மாறவில்லை என்றோ சொல்ல முடியாது.

அப்படியானால் உலகத்தின் செக்ரோல் என்ன சொல்கிறது? ஹவாய்த் தீவில் ஒரு மலைமேல் 1958 முதல் காற்றில் உள்ள கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள். தொடக்கத்தில் அது ஒரு மில்லியன் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. 2024இல் 420ஐயும் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு இவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் வந்த கூடுதல் அது. இந்த வாயு பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்வைபோல் பிடித்து வைக்கிறது. பதிவேடுகள் உள்ள காலத்தில் உலகிலேயே மிகச் சூடான ஆண்டு 2024தான் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

காற்று சூடானால் அதிக நீராவியைச் சுமக்கும். ஆகவே பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. காயும்போது கடுமையாகக் காய்கிறது. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் சிலாங்கூரில் அணைநீர் வற்றி, தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். வாளியோடு லாரிக்குக் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 டிசம்பர் 18ஆம் தேதியை ஒட்டிய பெருமழையில் ஷா ஆலாம், கிள்ளான், உலு லங்காட், நம் கோல சிலாங்கூர் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கின. 2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2022 தொடக்கம் வரை ஏற்பட்ட வெள்ளச் சேதம் 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. ஒரு மழையை மட்டும் காட்டி இது பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. இத்தகைய மழைகளுக்கு நாம் தயாராக இருக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டதே, இனி மழைக்குப் பயமில்லை என்று சிலர் நினைக்கலாம். செம்பனை மழையில் நனைந்தாலும் குலை வெட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் செம்பனை வறட்சியை உடனே காட்டாது. மனதில் வைத்திருந்து பிறகு காட்டும். தண்ணீர் போதாத காலத்தில் மரம் பெண் பூக்களைக் குறைத்து ஆண் பூக்களை அதிகமாக விடும். பெண் பூவிலிருந்துதானே குலை வரும்? அதனால் பல மாதங்கள் கழித்துக் குலை குறையும். 2015, 2016ஆம் ஆண்டுகளில் எல் நினோ என்னும் பசிபிக் கடலின் வெப்ப மாற்றத்தால் நம் நாட்டில் வறட்சி வந்தது. 2015இல் ஏறத்தாழ 20 மில்லியன் டன்னாக இருந்த நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி 2016இல் 17.3 மில்லியன் டன்னாக இறங்கியது. குலையின் எடையைப் பார்த்துக் கூலி வாங்குகிறவருக்கு இதன் பொருள் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்ததும், 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்ததும் ஒரு தற்காப்புதான். ஆனால் அதற்கு மேல் கிடைக்கும் வருமானம் இன்னமும் வானத்தைப் பார்த்துத்தான் நிற்கிறது.

இப்போது புகைக்குத் திரும்புவோம். இத்தனை புகை எங்கிருந்து வருகிறது? கரிமண் நிலத்திலிருந்து. தண்ணீரில் ஊறிய மரமும் இலையும் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து உண்டான மண் அது. ஈரமாக இருக்கும்வரை ஆபத்தில்லை. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் காய்ந்து, விறகுபோல் ஆகிவிடும். தீப்பிடித்தால் மேலே அணைந்தாலும் அடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். சுமத்ராவில் பயிர் வைப்பதற்காக இப்படிக் காயவைத்த நிலங்கள்தான் பெரும்பாலும் எரிந்தன.

அவர்கள் எரித்தார்கள், நாம் இருமினோம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பாதி உண்மைதான். அங்கே தோட்டம் நடத்தியவற்றில் சில மலேசிய நிறுவனங்களும் உண்டு என்று இந்தோனேசிய அரசாங்கம் பலமுறை சுட்டிக் காட்டியிருக்கிறது. நம் வட்டாரத்திலேயே பெஸ்தாரி ஜெயாவுக்கும் தஞ்சோங் காராங்குக்கும் இடையில் 70,000 ஹெக்டருக்கு மேற்பட்ட கரிமண் சதுப்புக் காடு இருக்கிறது. ராஜா மூசா வனம் அதில் ஒரு பகுதி. மரம் இழுப்பதற்காக வெட்டிய வாய்க்கால்கள் அதன் தண்ணீரை வடித்தன. வறட்சி வந்தபோதெல்லாம் அங்கும் தீ எரிந்தது. 2008 முதல் வனத்துறையும் தன்னார்வ அமைப்பினரும் சுற்றுவட்டார மக்களும் சேர்ந்து வாய்க்கால்களுக்குத் தடுப்புக் கட்டி, தண்ணீரைத் தேக்கி, கன்றுகள் நட்டு வருகிறார்கள். அந்தக் காட்டின் தண்ணீர் தஞ்சோங் காராங், சிகிஞ்சான் நெல்வயல்களுக்கும் துணையாக இருக்கிறது. இது நம் வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கும் நல்ல காரியம். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

இனி அரசியலுக்கு வருகிறேன். அரசியல் என்றதும் தேர்தல் என்று நினைக்க வேண்டாம். புகைமூட்டத்தைத் தடுப்பதற்காக ஆசியான் நாடுகள் 2002இல் கோலாலம்பூரில் ஓர் உடன்படிக்கை செய்தன. 2003இல் அது நடைமுறைக்கும் வந்தது. ஆனால் தீ எரிந்த நாடான இந்தோனேசியா அதை ஏற்று உறுதி செய்தது 2014இல்தான். ஆக, 2005இல் நாம் மூச்சுத் திணறியபோது தாளில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அது சேரவேண்டிய இடத்தில் சேரவில்லை. 2014இல் சிங்கப்பூர், தன் எல்லைக்கு வெளியே எரித்துத் தன் காற்றைக் கெடுப்பவர்களையும் தண்டிக்க ஒரு சட்டம் இயற்றியது. அப்படி ஒரு சட்டம் நமக்கும் வேண்டும் என்று இங்கே பலர் கேட்டிருக்கிறார்கள்.

உலக அளவிலும் இதே கதைதான். 1992இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் எல்லா நாடுகளும் ஒரு கொள்கையை ஏற்றன: பூமியைக் காப்பது எல்லாருக்கும் பொதுவான பொறுப்பு, ஆனால் அதிகம் எரித்துப் பணக்காரரான நாடுகளின் பொறுப்பு அதிகம். 2015இல் பாரிஸ் ஒப்பந்தம் வந்தது. கடல் ஏறிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு தீவு நாடுகள், "எரித்தது நீங்கள், மூழ்குவது நாங்களா?" என்று ஆண்டுக்கணக்கில் கேட்டன. கடைசியாக 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில்தான், இத்தகைய இழப்புகளுக்கு உதவ ஒரு நிதி அமைக்க நாடுகள் இணங்கின. செய்தியை வாசித்தபோது, சம்பளச் சீட்டோடு வந்த அந்தத் தாயாரின் முகம்தான் எனக்கு நினைவு வந்தது. இரண்டு கேள்வியும் ஒன்றுதான்.

செம்பனையும் இந்த மேடைக்கு வந்துவிட்டது. காடு அழிகிறது என்ற காரணத்தைச் சொல்லி, செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் எரிபொருளை 2030க்குள் படிப்படியாகக் கணக்கிலிருந்து விலக்க ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. மலேசியா 2021இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2024இல் வந்த தீர்ப்பு, ஐரோப்பாவின் கொள்கையைப் பெரும்பாலும் ஏற்றாலும், அதைச் செயல்படுத்திய விதத்தில் குறைகளைச் சுட்டிக் காட்டியது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. காடு காப்பாற்றப்பட வேண்டும். சிறுதோட்டக்காரரின் பிழைப்பும் காப்பாற்றப்பட வேண்டும். ஆனால் எந்தத் தரப்பு பேசும்போதும் நான் ஒன்றைத் தேடுவேன்: வெயிலில் நின்று குலை வெட்டுகிறவரைப் பற்றி ஏதாவது சொல்கிறார்களா? பெரும்பாலும் அவரது பேச்சு வருவதில்லை. இன்று நம் வட்டாரத்தில் அந்த வேலையைச் செய்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அன்று என் அம்மா நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். 2005க்கு முன் இரகசியமாக இருந்த காற்றுக் குறியீடு இன்று மணிக்கு மணி வெளியாகிறது, கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். புகைமூட்ட நாட்களில் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளியில் திடல் நடவடிக்கைகளை நிறுத்துகிறோம். 200ஐத் தாண்டினால் பள்ளியை மூடுகிறோம். பிள்ளைக்கு ஆகாத காற்று தகப்பனுக்கு மட்டும் எப்படி ஆகும்?

இரண்டாவதாக, சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1ஆம் தேதி முதல் நடப்பில் இருக்கிறது. வேலையிடத்தில் உடனடியான பேராபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ள அந்தச் சட்டம் உரிமை தருகிறது. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. தொழிற்சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள். வெயிலிலும் புகையிலும் ஓய்வு எப்போது, தண்ணீர் எங்கே, முகக்கவசம் யார் தருவது, வேலை நின்ற நாளுக்குக் கணக்கு என்ன என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

மூன்றாவதாக, கணக்கு எழுதுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு மழைமானி இருக்கிறது. மேல்பகுதியை வெட்டிய ஒரு பிளாஸ்டிக் போத்தலும் அளவுகோலும்தான். ஒவ்வொரு நாள் காலையிலும் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அளந்து எழுதுகிறார்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டு வியந்து போகிறார்கள். முன்பெல்லாம் தோட்டத்தில் மழைக் கணக்கு ஆபீசில் மட்டும்தான் இருந்தது. எவ்வளவு மழை பெய்தது என்று கிராணியார் சொன்னால்தான் நமக்குத் தெரியும். இப்போது நம் பிள்ளைகளின் நோட்டிலும் இருக்கிறது.

அதே நோட்டைப்போல் வீட்டிலும் ஒன்று வையுங்கள். தேதி, மழையா வெயிலா புகையா, வேலை நடந்ததா, எத்தனை குலை, எவ்வளவு சம்பளம். பெரிய படிப்பு வேண்டாம். நாளுக்கு ஒரு வரி போதும். ஒரு நாள் யாராவது உங்களிடம், "உங்களுக்கு என்ன நட்டம் வந்தது?" என்று கேட்டால், அந்த நோட்டை எடுத்துக் காட்டலாம்.

வீட்டுக் குப்பையைக் கொளுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது நம் குழந்தைகளின் நெஞ்சுக்குக் கெடுதல். ஆனால் அதோடு நம் கடமை முடிந்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குப்பைத் தீயை நாம் அணைப்போம். காட்டுத் தீக்குக் காரணமானவர்களை அரசாங்கங்கள் கேட்கட்டும்.

என் தாயார் இப்போது வேலை செய்வதில்லை. ஆனாலும் விடியற்காலையில் எழுந்து, கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்க்கும் வழக்கம் போகவில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், என் மாணவி ஒருத்தி மழை நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "பாட்டி, நேத்து 62 மில்லிமீட்டர்" என்றாள். அம்மா அந்த நோட்டை வாங்கி, எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "நாங்க வெட்டின காலத்திலயும் யாராச்சும் இப்படி எழுதி வச்சிருக்கலாம்மா" என்றார்.

நேயர்களே, இனிமேலாவது நாம் எழுதி வைப்போம்.